அவென்யூ 10 மாமா கடை: 44 வருட வாடிக்கையாளர் ஒருத்தியின் விமர்சனம்

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு உள்ளே போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. சீனப் பாட்டி, மலாய் மக்சிக் (அத்தை), எங்கள் அம்மா, எல்லாருக்கும் அது மாமா கடைதான். நம் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. திருப்பித் தாருங்கள் என்று நாமும் கேட்கவில்லை. சிங்கப்பூரில், அங் மோ கியோ பேட்டையின் அவென்யூ 10 பக்கம், மூவறை வீடுகள் கொண்ட நான்கு அடுக்குமாடி புளோக்குகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடத்தில், கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் முடிதிருத்தும் கடை. மறுபக்கம் முன்பு பள்ளிச் சீருடையும் வெள்ளைக் கான்வாஸ் காலணியும் விற்ற கடை. இப்போது அந்தக் கண்ணாடிக்குள் சக்கர நாற்காலியும் கைத்தடியும் நிற்கின்றன.

இணையத்தில் இந்தக் கடைக்கு மூன்றே விமர்சனங்கள். அதில் ஒருவர், வண்டி நிறுத்தும் இடம் தூரம் என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறார். புளோக்குக்குக் கீழே இருக்கிற மாமா கடைக்குக் காரில் வந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சரி, 44 வருடமாகச் சாமான் வாங்குகிறவள் நான்காவது விமர்சனத்தை எழுதினால் தப்பில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும்.

மாமா கடையைத் திறந்தது 1981-இல். எனக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மூணாவது வந்துருச்சு" என்பார். ஐம்பது வயதில், தலையில் பாதி நரையோடு போய் நின்றாலும் அதேதான். எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பிள்ளை. அந்தக் காலத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கனம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நேரமும் காசும். காலை ஆறரைக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை தொழுகைக்காகப் பூட்டு. ரொக்கம், கைத்தொலைபேசிவழிப் பேநவ் இரண்டும் சரி, கார்டு கிடையாது. அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு எடுப்பார்கள். 2025-இல் நாட்டின் அறுபதாம் ஆண்டுக்காக எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்ததே, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி (டாலர்), அதற்குக் கீழே 21 வயது வரை 600 வெள்ளி, அப்போது இந்தக் கடையைப் பார்த்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் அதைத் திறக்கத் தெரியாத பாட்டிகள் வரிசையில் நின்று மாமாவிடம் தொலைபேசியை நீட்டினார்கள். மாமாவுக்கே 73 வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஹொக்கியன் சீனத்தில் ஒருவருக்கும் மலாயில் ஒருவருக்கும் தமிழில் எங்கள் அம்மாவுக்குமாகப் பாடம் நடத்தினார். "அக்கா, இது உங்க மகன் அனுப்புன பூப் படம். பற்றுச்சீட்டு இதுல்ல, அடுத்தது" என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

விலை பேரங்காடியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். மைலோ, சமையல் எண்ணெய், அரிசி மூட்டை, இதெல்லாம் இங்கே வாங்காதீர்கள். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இரண்டே இரண்டு தக்காளி, திடீர்த் தலைவலிக்கு ஒரு கோடாலித் தைலம், இப்படிப்பட்டதை இங்கேதான் வாங்க வேண்டும். ஒரே ஒரு முட்டை கேட்டாலும் தருவார். தனியாக இருக்கும் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பத்து முட்டை அட்டையை வாங்கிப் பாதியைக் குப்பையில் போட்டவர்களுக்குத்தான் தெரியும். மாமா எட்டு வருடம் முன்புதான் ஒற்றை முட்டை விற்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, "கேக்குற வீட்ல எல்லாம் ஒரு ஆள்தாம்மா இருக்காக" என்றார்.

இப்போது உள்ளே வாருங்கள். நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஓர் அலமாரி. நான் இந்தக் கடைக்கு மதிப்பெண் போடுவதே அதற்காகத்தான்.

1998-இல் என் மகள் பிறந்தபோது அந்த அலமாரியில் மேலிருந்து கீழ் வரை குழந்தைப் பால்மாவு டின்கள். நடுத்தட்டில் பேம்பர்ஸ். மாமாவுக்கு எந்தக் கம்பெனி செய்தாலும் அது பேம்பர்ஸ்தான். இன்றைக்கும் அதே அலமாரியில் பேம்பர்ஸ் இருக்கிறது, ஆனால் அளவு மாறிவிட்டது: எம், எல், எக்ஸ்எல். எல்லாம் பெரியவர்களுக்கு. மேல்தட்டில் வயதானவர்கள் குடிக்கும் எஞ்சூர் சத்துமாவு டின்கள், படுக்கை விரிப்பு, வாய் துடைக்கும் பஞ்சு. பிள்ளைகளுக்கானது கீழ்த்தட்டில் ஒரு மூலையில் மூன்று பாக்கெட். நான் போய்க் கேட்டால் மாமா "பெருசா, சின்னதா?" என்றுகூடக் கேட்பதில்லை, அம்மாவின் அளவு அவருக்குத் தெரியும். மாதத்துக்குச் சின்னது எத்தனை போகும் என்று கேட்டேன். "ரெண்டு. அதுவும் ஞாயித்துக்கெழம பேரப்பிள்ள வந்தா."

செப்டம்பர் கடைசியில் அரசாங்கம் வருடா வருடம் மக்கள்தொகை அறிக்கை வெளியிடும். 2025 அறிக்கையில், குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 20.7 விழுக்காடு, பத்து வருடம் முன்பு 13.1 விழுக்காடு என்று இருந்தது. நான் ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், எண்களோடுதான் பிழைப்பு. அறிக்கையைப் படித்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா அறிக்க?" என்றார்.

ஆனாலும் சில எண்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1965-இல் இந்தத் தீவில் இருந்தவர்கள் சுமார் 1.9 மில்லியன். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் 55,000-க்கும் மேல். 2024-இல் இருந்தவர்கள் 6.04 மில்லியன், பிறந்தவை 33,000 சொச்சம். இன்னொன்று: கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 1966-இல் 39,835 பிரசவம் நடந்தது. உலகத்திலேயே அதிகம் என்று சாதனைப் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. அன்றைக்கு ஒரே கட்டடத்தில் பிறந்த பிள்ளைகள் இன்றைக்கு நாடு முழுக்கப் பிறக்கும் பிள்ளைகளைவிட அதிகம். இதை அலுவலகத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. எங்கள் அம்மா மட்டும், "ஒரே கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருந்தோம்" என்றார்.

என் எண்ணுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முதலில் இரண்டு பையன்கள், என் அண்ணன்கள். 1972-லிருந்து 'இரண்டே போதும்' என்று சுவர் முழுக்க விளம்பரம். அடுத்த வருடமே, மூன்றாவது பிரசவத்துக்கு மருத்துவமனைக் கட்டணம் கூடுதல், சம்பளத்தோடு பேறுகால விடுப்பும் கிடையாது என்று விதி வந்தது. நான் 1975-இல் பிறந்தேன். அம்மா அப்போது தோ பாயோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுப்புச் சம்பளம் இல்லை. அப்பா கட்டிய பிரசவக் கட்டணம் அண்ணன்கள் இருவருக்கும் சேர்த்துக் கட்டியதைவிட அதிகம் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு தீபாவளிக்கும் தொகை ஏறும். "உனக்குத்தான்டி அதிக செலவு" என்பது என் பட்டப்பெயர் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அம்மாவிடம் மூன்றாவதா என்று ஒரு மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1987-இல், பேச்சு மாறியது. 'மூன்று, வசதி இருந்தால் அதற்கு மேலும்' என்றார்கள். மாமா அன்றைக்கு எனக்கு ஒரு ஐஸ்கிரீம் இலவசமாகக் கொடுத்தார். "மூணாவது, இப்பத்தான் நீ சட்டப்படி வந்துருக்க" என்றார். அப்புறம் 2001-இல், பிள்ளை பெற்றால் அரசாங்கம் பணம் தரும் குழந்தை போனஸ் வந்தது. எதுவும் பெரிதாக எடுபடவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்று ஒரு கணக்கு உண்டு. அப்பா அம்மா இடத்தை நிரப்ப அது 2.1 ஆக இருக்க வேண்டும். 1965-இல் இங்கே 4.66. 1977-லிருந்து 2.1-ஐ ஒரு வருடம்கூடத் தொடவில்லை. அதிர்ஷ்டமான கடல்நாக (டிராகன்) ஆண்டு என்று சீனர்கள் ஆசையாகப் பெற்ற 1988-இல்கூட 1.96தான். 2023-இலும் 2024-இலும் 0.97. 2024-உம் கடல்நாக ஆண்டுதான். மாமா அந்த வருடம் நம்பிக்கையோடு நான்கு பெட்டி பால்மாவு கூடுதலாக இறக்கினார். இரண்டு பெட்டியைச் சப்ளையரிடமே திருப்பி அனுப்பினார்.

இந்தக் கடையின் இரண்டாவது பொக்கிஷம் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது: 555 நோட்டு. அந்தக் கைக்கடக்கமான கடன் நோட்டைத் தெரியாத பழைய சிங்கப்பூரர் இருக்க மாட்டார். மாமா பெயர் எழுத மாட்டார், வீட்டு எண்தான். ஏழாம் மாடி, கடைசி வீடு என்றால் 07 போட்டு ஒரு கோடு, அப்புறம் எண். மாதக் கடைசியில் பணம் கொடுத்ததும் குறுக்கே ஒரு கோடு. எங்கள் நான்கு புளோக்குகளிலும் சேர்த்து ஒரு காலத்தில் அறுபது வீடுகளுக்குக் கணக்கு இருந்ததாம். இப்போது பதினொன்று. நான் ஒரு நாள் பழைய நோட்டுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறார். பணம் கொடுத்துத் தீர்த்த கணக்குக்கு ஒரு கோடு. ஆள் இறந்து போய், மாமாவே தள்ளுபடி செய்த கணக்குக்கு இரண்டு கோடு. 1980களின் நோட்டுகளில் இரட்டைக் கோடு தேட வேண்டியிருந்தது. 2015-க்கு அப்புறம் தேட வேண்டியதில்லை.

ஒரு பக்கத்தில் ஐந்தாம் மாடிச் சீனத் தாத்தா. 4 வெள்ளி 20 காசு. இரட்டைக் கோடு. "பீர் ஒரு டின், கடலை ஒரு பாக்கெட். மறுநாள் தரேன்னாரு" என்றார் மாமா. அந்தத் தாத்தாவின் துக்க வீடு எங்கள் கீழ்த்தளத்தில்தான் ஐந்து நாள் நடந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்கக் கடலை, மிட்டாய், பாக்கெட் பானம் எல்லாம் மாமா கடையிலிருந்துதான். பிள்ளைகள் தொகையைத் தீர்த்தபோது அந்த 4 வெள்ளி 20 காசை மாமா சொல்லவில்லை.

பாக்கெட் பானத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம். எங்கள் கீழ்த்தளத்தில் முன்பெல்லாம் மாதம் ஒரு மலாய்க் கல்யாணமாவது நடக்கும். கொம்பாங் மேளச் சத்தம் பத்தாவது மாடி வரை கேட்கும். கிரிசாந்தமம் டீயும் சோயாப் பாலும் பெட்டி பெட்டியாகக் கல்யாணத்துக்குப் போகும். இப்போதும் பெட்டி பெட்டியாகத்தான் போகிறது. பெரும்பாலும் துக்க வீட்டுக்கு. 2024-இல் நாடு முழுக்க இறந்தவர்கள் 26,000 சொச்சம். பிறப்பிலிருந்து அதைக் கழித்தால் ஏழாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். அறுபது லட்சம் பேர் உள்ள ஊருக்கு அது எம்மாத்திரம்? ஆனால் ரயிலில் நிற்க இடமில்லை, மக்கள்தொகை 2025-இல் 6.11 மில்லியன். அப்படியென்றால் மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கும் இந்தக் கடையிலேயே ஓர் அலமாரி இருக்கிறது. வலது கைப் பக்கம்.

அங்கே இந்தோனேசியப் பணிப்பெண்களுக்கு இண்டோமீ, சம்பல் பாட்டில். பிலிப்பீன்ஸ்காரர்களுக்குச் சினிகாங் தூள், சின்ன வினிகர். மியன்மார்ப் பெண்களுக்கு ஊறவைத்த தேயிலை. இதை மாமா எங்கிருந்து வாங்குகிறார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார், வியாபார ரகசியமாம். எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மியன்மார்க்காரி. அவள் முதல் நாள் இந்த அலமாரியைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவளைப் போல வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மட்டும் மூன்று லட்சம் பேர் இங்கே இருக்கிறார்கள். குடிமக்களும் இல்லாமல் நிரந்தரவாசிகளும் இல்லாமல் இங்கே வாழ்கிறவர்கள் எல்லாரையும் கூட்டினால் 2025 கணக்கில் 1.91 மில்லியன். மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. இடது அலமாரிச் சாமான்களை வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் வலது அலமாரி ஆட்கள்தான். மாமா இரண்டையும் எதிரெதிராக வைத்தது தற்செயல் என்கிறார். எனக்குச் சந்தேகம்.

வலது அலமாரியின் மேல்தட்டு நம்மவர்களுக்கு. இதயம் நல்லெண்ணெய், ஆச்சி மசாலா, அப்பளம், பொன்னி அரிசி ஐந்து கிலோப் பை. இந்தத் தட்டு 2000-க்குப் பிறகு முளைத்தது. கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள் நான்கு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து எங்கள் புளோக்கில் வீடு வாடகைக்கு எடுத்தார்கள். நாட்டின் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் 2000-இல் 7.9 விழுக்காடு, 2010-இல் 9.2. அந்தப் பத்து வருடத்தில் மாமா கடையில் நல்லெண்ணெய் வாசமும் கூடியது. அவர்களில் சிலர் நிரந்தரவாசி ஆகி, குடியுரிமை வாங்கி, கல்யாணம் செய்து, வேறு பேட்டைக்குப் போய்விட்டார்கள். நாடு முழுக்க 2023-இல் மட்டும் 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் நம் ஆட்கள் கூடியதற்கு ஏற்பத் தமிழ் கூடியதா என்றால், இல்லை. நாட்டின் குடியிருப்பாளர்களில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5. கடை வாசலில் தமிழ் முரசு மாட்டி வைத்திருக்கும் கம்பியைப் பாருங்கள். 1935-லிருந்து வருகிற பத்திரிகை. என் சின்ன வயதில் இருபது பிரதி தொங்கும், பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். இப்போது நான்கு. அம்மாவுக்கு ஒன்று எடுத்து வைத்துவிடுவார். அம்மா முதலில் திருப்புவது துக்க அறிவிப்புப் பக்கத்தை. "நம்ம ஆளு யாராச்சும் போயிட்டாங்களான்னு பாக்குறேன்" என்பார்.

வந்தவர்களைச் சொல்லியாயிற்று, போனவர்கள்? பெரிய அண்ணன் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. சின்ன அண்ணன் செங்காங் பேட்டையில். என் மகளும் மருமகனும் பொங்கோலில் புது வீடு. என் சின்ன வயதில் பொங்கோல் என்றால் கடற்கரை ஓரம், நண்டு சாப்பிடப் போகும் இடம். 2020 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 174,000 பேர். எங்கள் அங் மோ கியோவில் சுமார் 162,000. 1973-இல் கட்ட ஆரம்பித்த எங்கள் பேட்டையை, 2003-இல் ரயில் போன ஒரு பேட்டை முந்திவிட்டது. பெற்றோருக்குப் பக்கத்தில், நான்கு கிலோமீட்டருக்குள், மறுவிற்பனை வீடு வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் என்று மகளிடம் எடுத்துச் சொன்னேன். "அம்மா, உங்க லிஃப்ட்டுக்கே எங்க அப்பார்ட்மென்ட்டவிட வயசு அதிகம்" என்றாள். புது வீட்டில் ஒரு குழந்தை அறை இருக்கிறது. அதில் இரண்டு பூனைகள் குடியிருக்கின்றன.

பூனை என்றதும் ஞாபகம் வருகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்ற தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். இதை மாமாவிடம் சொன்னபோது மனிதர் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இங்கயும் ரெண்டே போதுமா?" பால்மாவு டின் போன இடத்தில் இப்போது பூனை உணவும் பூனை மணலும் இருக்கின்றன. நன்றாக விற்கிறதாம். மணல் பை பத்துக் கிலோ. மகளுக்கு நானே இங்கிருந்து வாங்கி எம்ஆர்டியில் தூக்கிப்போகிறேன். அந்தக் காலத்தில் பால்மாவு டின்னைத் தூக்கிப்போன அதே துணிப்பை.

என் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு வரி: நான் சேர்ந்தபோது தொடக்கநிலை ஒன்றில் எட்டு வகுப்புகள், இப்போது நான்கு. 2019-இல் பல்கலைக்கழகத்துக்கு முன்பு படிக்கிற தொடக்கக் கல்லூரிகள் எட்டை நான்காக இணைத்தார்களே, அதற்குக் காரணமான பிள்ளைக் குறைவு எங்களைக் கடந்துதான் அங்கே போனது.

கடையின் வேலையாள் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் முழுமையாகாது; சேவைக்கான மதிப்பெண் முழுக்க அவருக்குத்தான். மலேசியாவின் ஜோகூர் பாருத் தமிழர். காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். வந்ததும் ரொட்டியை அடுக்குவார், அப்புறம் வீடு வீடாகச் சாமான் கொண்டு போவார். டெலிவரிக்குக் காசு கிடையாது. மேலே போகிறவர் சாமானை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதில்லை. உள்ளே குரல் கொடுப்பார். பதில் வந்தால்தான் அடுத்த வீடு. மூன்று வருடம் முன்பு பதில் வராத ஒரு வீட்டில், கீழே விழுந்து கிடந்த ஒரு பாட்டியை அவர்தான் கண்டுபிடித்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். இப்போது அவருடைய கணக்கில் தினம் ஒரு முட்டை, ஒரு குரல்.

2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியபோது தம்பி இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இரண்டு வாரம் என்று நினைத்து இரண்டு சட்டை எடுத்து வந்தவர், கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் கொஞ்ச நாள், மாமா வீட்டு வரவேற்பறையில் மிச்ச நாள் என்று காலம் தள்ளினார். அவர் மகளுக்கு அப்போது எட்டு மாதம். அந்தப் பிள்ளை நடந்தது, பேசியது எல்லாம் அவருக்குத் தொலைபேசித் திரையில்தான். அந்தக் காலத்தில் கடையே பாதி காலி. வாடகைக்கு இருந்த பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். வலது அலமாரி மேல்தட்டில் நல்லெண்ணெய் தூசி பிடித்தது. நாட்டின் மக்கள்தொகை 2021 ஜூனில் 5.45 மில்லியனாக இறங்கியது, ஒரே வருடத்தில் 4.1 விழுக்காடு. பாலத்தைத் தாண்டி எல்லாரும் பழையபடி போக 2022 ஏப்ரல் ஆயிற்று. தம்பி போன முதல் நாள் மாமா கடையிலிருந்து பால்மாவு ஒரு டின் எடுத்துக் கொடுத்தார். "புள்ளைக்கு ரெண்டே முக்கா வயசு மாமா, சோறு சாப்பிடுது" என்றார் தம்பி. இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

குறைகள். ஒன்று, பிஸ்கட். காலாவதித் தேதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். போன மாதம் நான் வாங்கிய கிரீம் கிராக்கர் நான்கு மாதம் பழசு. வாங்க ஆளில்லாத சாமான் அலமாரியிலேயே கிழடாகிறது. இரண்டு, நடுவழி. ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். சக்கர நாற்காலி நுழையாது. இடது அலமாரியில் அத்தனை பெரியவர் சாமான் வைத்துவிட்டு அந்தப் பெரியவர் உள்ளே வர வழி வைக்காதது பெரிய குறை. அம்மாவை வெளியே நிறுத்தி, மாமா ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவந்து காட்டுவார். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது, ராணி மாதிரி. எனக்குத்தான் எரிச்சல். மூன்று, கோழிக்குஞ்சு அளவில் இருக்கும் வாழைப்பழத்துக்குக் கிலோ என்ன விலை சொல்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று குறை இல்லை, கவலை. 2022-இல் அவென்யூ 3 பக்கம் 562-லிருந்து 565 வரை நான்கு புளோக்குகளை அரசாங்கம் திரும்ப எடுத்து இடிக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கத்திலும் ஒரே பேச்சு. நம் புளோக்கும் அடுத்ததா, இல்லையா. யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே கடை நிற்குமோ என்னவோ. மாமாவின் மகன் வங்கியில் கணினி வேலை. கடைக்கு வர மாட்டார், வரவும் கூடாது என்று மாமாவே சொல்கிறார். ஊரிலிருந்து யாரையாவது கூட்டி வரலாமே என்றேன். மாமாவின் ஊர் கடையநல்லூர். அவர் அப்பா காலத்தில் அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் நிறைய. மாமா உதட்டைப் பிதுக்கினார். "இந்த வேலைக்கு ஊர்லேர்ந்து பர்மிட் கெடைக்காதும்மா. கெடச்சாலும் ஆளு எங்க? அங்க ஒரு வீட்டுக்கு ஒரு புள்ள. அதுவும் துபாய்ல." தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைக் கணக்கு 2020-இல் 1.4 என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. திருப்பூரில் பனியன் தைக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். மாமா போன வருடம் ஊருக்குப் போனபோது பரோட்டாக் கடையில் இந்தியில் பேச வேண்டியிருந்ததாம். "எனக்கு இந்தியும் தெரியல. ஹொக்கியன்ல கேட்டுப் பாத்தேன்" என்றார். பொய்யாகத்தான் இருக்கும்.

போவதென்றால் காலை ஏழு மணிக்குப் போங்கள். ரொட்டி சூடாக இருக்கும், மாமா நல்ல மனநிலையில் இருப்பார், ஒலி 96.8 வானொலி பாடிக்கொண்டிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மாலை போகாதீர்கள். 555 கணக்குப் பார்க்கிற நேரம், கவனிக்க மாட்டார்.

மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. கிரீம் கிராக்கருக்காக ஒன்றைக் குறைத்தேன். இதை எழுதப்போவதாக நேற்று மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கல்லாவுக்குக் கீழே கையை விட்டு நோட்டை எடுத்து, எங்கள் வீட்டு எண் இருக்கும் பக்கத்தைத் திறந்து, பெரியவர் பேம்பர்ஸ் இரண்டு, பூனை மணல் ஒன்று என்று எழுதியிருந்ததற்குக் கீழே, ஒரு நட்சத்திரம் பாக்கி என்று எழுதிக்கொண்டார்.